சங்காய் மானுக்கு முதலில் எது: தண்ணீரா, இரண்டாவது வாழிடமா, மிருகக்காட்சிசாலையா?

உலகத்தில் காட்டு வாழ்க்கை வாழும் சங்காய் மான்கள் அத்தனையையும் எண்ண வேண்டுமென்றால் ஒரே ஓர் இடத்துக்குப் போனால் போதும். மணிப்பூரில் லோக்டாக் ஏரியின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காதான் அது. பரப்பு 40 சதுர கிலோமீட்டர். 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 260 மான்கள் இருந்தன. கிடை போடும் ஆட்டுக்காரர் ஒருவரிடமே சில சமயம் இதைவிட அதிகத் தலைகள் இருக்கும்.

இந்த மானைக் காப்பாற்ற மூன்று வழிகள் நெடுங்காலமாகப் பேசப்படுகின்றன. ஏரியின் நீர்மட்டத்தைப் பழையபடி ஏறி இறங்க விடுவது ஒன்று. பூங்காவுக்கு வெளியே இன்னொரு வாழிடம் அமைத்து ஒரு கூட்டத்தை அங்கே குடியேற்றுவது மற்றொன்று. மிருகக்காட்சிசாலைகளில் இருக்கும் மான்களைப் பெருக்கி, ஆபத்துக் காலத்துக்கென்று வைத்துக்கொள்வது மூன்றாவது. மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. கருத்தரங்குகள் அப்படித்தான் முடிகின்றன. பணமும் ஆளும் அரசின் கவனமும் அளவோடுதான் கிடைக்கும். அப்படியிருக்க எதை முதலில் தொடங்குவது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. என் கட்சி தண்ணீர். அதற்கு எதிராகச் சொல்லப்படுவதிலும் நியாயம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு காலத்தில் மணிப்பூர்ச் சமவெளி முழுவதும் திரிந்த மான் இது. வேட்டையும் வயல்களும் பெருகப் பெருக ஒதுங்கி ஒதுங்கி, 1951-இல் அற்றுப்போய்விட்டதாகவே அறிவிக்கப்பட்டது. 1953-இல் இயற்கையாளர் இ.பி. ஜீ இதே சதுப்பில் ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருப்பதைக் கண்டார். 1966-இல் அந்த இடம் சரணாலயமானது. 1975-இல் எண்ணியபோது 14 மான்கள்தான் இருந்தன. 1977-இல் தேசியப் பூங்கா என்ற தகுதி வந்தது. காவல் இறுகியது, சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர் மன்றங்கள் வேட்டையைத் தடுப்பதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டன. 2003-இல் 180, 2013-இல் 204, பிறகு 260. பாராட்டப்பட வேண்டிய ஏற்றம்தான். ஆனால் மான்கள் பெருகிவந்த அதே ஆண்டுகளில் அவை நிற்கும் தரை மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நீர்மட்டம்

பூங்காவின் பெரும்பகுதி நிலமே அல்ல. பும்டி என்று மணிப்பூரிகள் சொல்லும் மிதக்கும் மெத்தை அது. செத்த நாணல், வேர், மக்கிய இலை, மண் எல்லாம் பல ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து இறுகிக் கிடக்க, அதன் மேல் நாணலும் காட்டு நெற்புல்லும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். ஒரு பும்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். மீதி நான்கு பங்கும் அடியில். கனம் சில சென்டிமீட்டரும் இருக்கலாம், இரண்டு மீட்டரும் இருக்கலாம். அதன் மீது நடக்கும் ஆண் சங்காயின் எடையோ நூறு கிலோவை ஒட்டி வரும். கால் பதிக்கும்போது குளம்போடு கணுப்பகுதியும் சேர்ந்து தரையில் படுவதால்தான் அது சதுப்பில் புதையாமல் நடக்கிறது. 'ஆடும் மான்' என்ற செல்லப்பெயர் அந்த நடைக்கு வந்தது. மெத்தை மெலிந்துவிட்டால் எந்த நடையும் உதவாது. கால் ஊடுருவி நீருக்குள் போய்விடும்.

பும்டி எப்படிக் கனமாக இருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது மெத்தை இறங்கி அடித்தரையில் உட்காரும். புல்லின் வேர்கள் சேற்றுக்குள் இறங்கிச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்து நீர் ஏறியதும், அப்படிக் கொழுத்த மெத்தை மறுபடி மிதக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சாப்பாடு கிடைத்தவரை பும்டி நன்றாகவே இருந்தது.

1983-இல் இத்தாய் கதவணை வந்தது. மணிப்பூர் ஆற்றின் குறுக்கே கட்டி, ஏரியை ஆண்டு முழுவதும் நீர்த்தேக்கமாக வைத்திருந்து, சுரங்கம் வழியாகத் தண்ணீரை மலைக்கு மேற்கே இறக்கி 105 மெகாவாட் மின்சாரம் எடுப்பதுதான் லோக்டாக் நீர்மின் திட்டம். அதற்காக நீர்மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து 768.5 மீட்டரை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கிறார்கள். கோடையிலும் ஏரி வற்றுவதில்லை. மெத்தை தரையைத் தொடுவதில்லை. வேர்கள் பட்டினி கிடக்கின்றன. புதிதாகச் சேருவது குறைவு, அடியில் அழுகிக் கரைவது அதிகம் என்றாகி, பூங்காவுக்குள் பும்டி ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1990-இல் சேர்ந்த இந்த ஏரி, 1993-இலேயே ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பூங்காவுக்கு வெளியே, ஏரியின் மற்ற பகுதிகளில் பும்டி தொல்லையாகிவிட்டது. முன்பெல்லாம் வெள்ளக் காலத்தில் உபரி மெத்தைகள் பிய்ந்து, கோர்தாக் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கிப் போய்விடும். கதவணை அந்த வழியையும் அடைத்துவிட்டது. இம்பால் நகரத்துக் கழிவைச் சுமந்துவரும் நம்புல் ஆறு வேறு உரம் போடுகிறது. ஆகவே ஒரு பக்கம் இயந்திரங்களை வைத்துப் பும்டியை வாரிக் கரையில் கொட்டுகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, பும்டி போதவில்லையே என்று மான்களுக்காகக் கவலைப்படுகிறார்கள். இரண்டு நோய்க்கும் காரணம் ஒன்றுதான். அதைத் தொடாமல் அறிகுறிகளோடு மல்லுக்கட்டியதில் அடிபட்டவர்கள் மீனவர்கள். 2011-இல் ஏரியைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி, பும்டி மீது கட்டியிருந்த அவர்களுடைய குடிசைகள் நூற்றுக்கணக்கில் கொளுத்தப்பட்டன. கதவணையின் ஷட்டர் ஓர் அங்குலமும் அசையவில்லை.

எனவே முதல் வழி சொல்வது இதுதான். மின் உற்பத்தியை நிறுத்த வேண்டாம், கதவணையை இடிக்கவும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும், மெத்தை தரையைத் தொடும் அளவுக்கு நீரை இறக்க வேண்டும். இதனால் பயன் மானோடு நிற்காது. சின்ட்வின் ஆற்றிலிருந்து எதிர்நீச்சல் போட்டு லோக்டாக்குக்கு வந்த பெங்பா மீன், மணிப்பூரின் மாநில மீன், கதவணைக்குப் பிறகு ஏரியில் இயற்கையாகக் கிடைப்பதே நின்றுபோனது. இப்போது குளங்களில் வளர்க்கிறார்கள். நிரந்தரமாக நீரில் மூழ்கிய விளிம்பு நிலங்களில் பயிர் வைத்திருந்த குடும்பங்களும் உண்டு. மூன்று வழிகளிலும் மானைத் தவிர வேறு யாருக்காவது நல்லது செய்வது இது ஒன்றுதான்.

எதிர்வாதம் என்ன? மின்சாரம் குறையும், அதுவும் தேங்கிய நீர்தான் கைகொடுக்கும் வறண்ட மாதங்களில். ஏற்றுப் பாசனம் தடைபடும். மலைச்சரிவுகளில் காடு அழிந்ததால் ஏரியில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. இருக்கும் நீரையும் இறக்கினால் மிச்சம் என்ன என்று மின்துறை கேட்பது நியாயமான கேள்வி. இன்னொன்று, நாற்பது ஆண்டுகளாக மெலிந்த மெத்தை ஒரு கோடையில் தேறிவிடாது. பலன் கண்ணில் படவே பல ஆண்டுகள் ஆகும். எல்லாவற்றுக்கும் மேல், பும்டி எவ்வளவு கனத்தாலும் மான்கள் அத்தனையும் ஒரே இடத்தில்தான் இருக்கும். தொற்றுநோய் ஒன்று வந்தால் கனத்த மெத்தையால் என்ன செய்ய முடியும்?

அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 2015-இல் கஜகஸ்தான் புல்வெளியில் சில வாரங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சைகா மறிமான்கள் விழுந்து மடிந்தன. அவற்றின் உடலில் வழக்கமாகவே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா, அசாதாரண வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நேரத்தில் கொலைகாரனாக மாறியது. வேறு இடங்களில் கூட்டங்கள் இருந்ததால் சைகா பிழைத்தது. சங்காய்க்கு அந்த வேறு இடம் கிடையாது. பூங்காவின் ஓரங்களிலோ வீட்டுக் கால்நடைகள் மேய்கின்றன.

பூங்காவை மட்டும் சுற்றிக் கரை எழுப்பி, உள்ளே தனி நீர்மட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரச யோசனையும் உண்டு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. சதுப்பின் மேல் எழுப்பும் கரை கசியும், உட்காரும். வெள்ளக் காலத்தில் பம்பு வைத்து இறைக்க வேண்டும். மீன்களுக்கு இன்னொரு சுவர். ஒரு கதவணை செய்த கோளாறை இன்னொரு கட்டுமானத்தால் சரிசெய்யும் இந்த யோசனையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இரண்டாவது வாழிடம்

சமவெளியின் தென்பகுதியில் உள்ள பும்லென் பாட் என்ற ஏரிப்பகுதிதான் இதற்கு முதலில் அடிபடும் பெயர். இந்திய வனவிலங்கு நிறுவனமும் மணிப்பூர் வனத்துறையும் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களை மீட்கும் திட்டத்தின் கீழ் இதைப் பரிசீலித்திருக்கின்றன. அங்கேயும் பும்டி உண்டு, அங்கேயும் மீனவர்கள் உண்டு.

'மிதக்கும் தரையில் வாழும் மானை வேறு எங்கே கொண்டுபோய் விட முடியும்' என்று சிலர் இந்த யோசனையை ஆரம்பத்திலேயே தள்ளிவிடுகிறார்கள். அது சரியான வாதம் அல்ல. சங்காய், எல்ட் மான் என்ற இனத்தின் ஒரு கிளை. அதன் உறவுகள் மியான்மரின் சாட்தின் சரணாலயத்தில் வறண்ட இலையுதிர் காட்டில் நன்றாகவே வாழ்கின்றன. சங்காயும் சமவெளிப் புல்லில் திரிந்ததுதான். பும்டி அதன் பூர்வீக வீடு என்பதைவிட, விரட்டப்பட்டு வந்து சேர்ந்த கடைசிப் புகலிடம் என்பதே பொருத்தம். இப்போதும் வெள்ளம் ஏறினால் பூங்காவுக்குள் இருக்கும் பாபோட், தோயா, சிங்ஜாவோ குன்றுகளில்தான் மான்கள் ஏறி நிற்கின்றன. கெட்டித் தரையும் உயரமான புல்லும் பக்கத்தில் ஈரமும் கிடைத்தால் அவை வாழும் என்றே நினைக்கிறேன்.

முன்னுதாரணங்களும் இந்த வழிக்குச் சாதகமானவை. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில் 1970-இல் 66 ஆகச் சுருங்கிய கெட்டித்தரை பாரசிங்கா மான்களை, புலி நுழையாத வேலிக்குள் வைத்துப் பெருக்கினார்கள். கிராமங்கள் காலிசெய்த இடங்கள் புல்வெளியாயின. 2015 முதல் சத்புராவுக்கும் பின்னர் பாந்தவ்கருக்கும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே காட்டில் அடைபட்டிருந்த இனம் இன்று மூன்று காடுகளில் இருக்கிறது. சங்காய்க்கு இன்னும் நெருங்கிய உதாரணம் சீனாவின் ஹைனான் தீவு. அங்கே எல்ட் மானின் இன்னொரு கிளை 1976-இல் 26 மட்டுமே எஞ்சியது. தாத்தியனில் வேலி போட்டுக் காத்தார்கள். சில நூறாகப் பெருகியது. பிறகு வேலிக்குள் புல் போதாமல், வெளியே வேறு இடம் தேடி மான்களை அனுப்ப வேண்டியதாயிற்று. வேலி கட்டும்போதே அடுத்த இடத்தையும் யோசித்துவைக்க வேண்டும் என்பது அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

அப்படியானால் இதையே முதலில் வைத்தால் என்ன? என் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, நிலம். கன்ஹாவைப் போலப் பெரிய காடு மணிப்பூர்ச் சமவெளியில் இல்லை. ஒவ்வொரு ஏரிக்கும், ஒவ்வொரு கரைக்கும் மீன்பிடிப்பவரும் பயிர் செய்பவரும் இருக்கிறார்கள். 2023 மே மாதம் தொடங்கிய இன மோதலுக்குப் பிறகு, புதிதாக நிலம் கேட்கும் எந்தத் திட்டமும் அங்கே இன்னும் கடினமாகியிருக்கிறது. கெய்புல் லம்ஜாவோவில் மான் பிழைத்ததே ஊர்க்காரர்கள் அதைத் தங்களுடையது என்று நினைத்ததால்தான். அந்த நினைப்பு இல்லாத இடத்தில் வேலி எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. இரண்டாவது வாழிடம் அதிகாரத்தில் இருக்கும் யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. அடிக்கல் நாட்டலாம், நுழைவாயில் கட்டலாம், மானைத் திறந்துவிடும்போது புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். கதவணையை இயக்கும் முறையை மாற்றுவதில் படம் எடுக்க எதுவும் இல்லை. ஆகவே இரண்டாவது வாழிடம் முதலாவதைக் கைகழுவுவதற்கான சாக்காக மாறும் ஆபத்து நிறையவே இருக்கிறது. 'மான்களைத்தான் வேறு இடத்தில் வைத்துவிட்டோமே, ஏரியை ஏன் தொட வேண்டும்' என்ற பேச்சு எழ அதிக நாள் ஆகாது.

மிருகக்காட்சிசாலை

கொல்கத்தாவின் அலிப்பூர், டெல்லி உள்ளிட்ட பல மிருகக்காட்சிசாலைகளில் சங்காய்கள் இருக்கின்றன; தாராளமாகக் குட்டியும் போடுகின்றன. செலவு குறைவு, எதிர்ப்பு இல்லை, நாளைக்கே தொடங்கலாம். மிருகக்காட்சிசாலை ஓர் இனத்தைக் காப்பாற்றியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. சீனாவில் காட்டிலிருந்து அழிந்துபோன மிலு மான், இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் சேர்த்துவைத்த 18 மான்களின் வழிவந்து, 1985-86-இல் சொந்த நாடு திரும்பியது. நம் நாட்டிலேயே அஸ்ஸாமின் குள்ளப் பன்றி இருக்கிறது. 1996-இல் மானஸில் பிடித்த ஆறு பன்றிகளிலிருந்து தொடங்கி, 2008 முதல் நூற்றுக்கும் மேல் புல்வெளிகளுக்குத் திரும்பிவிட்டன. ஆனால் அந்தப் பன்றிகள் பார்வையாளர்களுக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. மனிதரோடு பழகாமல், புல்லில் கூடு கட்டக் கற்று, காட்டுக்குப் போவதற்கென்றே வளர்ந்தவை. கம்பி வேலிக்குப் பின்னால் கைநீட்டினால் வந்து இலை தின்னும் மானிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சில தொடக்க மான்களின் வம்சத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனச்சேர்க்கை நடப்பதும், அடைத்து வளர்க்கும் மான்களுக்குக் காசநோய் தொற்றுவதும் தெரிந்த தலைவலிகள்.

ஆகவே தனித் தீர்வாக இதற்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். ஆனால் இரண்டாவது வாழிடத்தின் மிகச் சிக்கலான கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. முதல் மான்களை எங்கிருந்து எடுப்பது? இருக்கும் 260-இல் கைவைத்து, பிடிக்கும்போது நாலைந்து பதற்றத்தில் செத்தால் யார் பதில் சொல்வது? நோய்ப் பரிசோதனை செய்து தேர்ந்தெடுத்த மிருகக்காட்சிசாலை மான்களைப் பெரும்பகுதியாகவும், பூங்காவிலிருந்து மிகச் சிலவற்றையும் சேர்த்துத் தொடங்கினால் காட்டுக் கூட்டத்துக்குச் சேதம் குறையும். 1975-இன் 14 மான்களின் வழிவந்த காட்டுக் கூட்டமும் தனியே வளர்ந்த கூட்டமும் கலப்பதால் வம்ச வளமும் கொஞ்சம் கூடலாம். அதற்கு எந்த மான் எதற்குப் பிறந்தது என்ற பதிவேடு எல்லாக் காட்சிசாலைகளுக்கும் பொதுவாக, ஒழுங்காக இருக்க வேண்டும்.

சரி, எப்படிப் பிரிப்பது? என்னிடம் கேட்டால் அதிகப் பணமும் அரசியல் பலமும் நீர்மட்டத்துக்கு. எடுத்த எடுப்பில் நிரந்தர மாற்றம் கேட்க வேண்டாம். ஐந்து கோடைகளுக்குச் சோதனையாக நீரை இறக்குவோம். குறையும் மின்சாரத்துக்கான ஈட்டை மத்திய அரசு கொடுக்கட்டும். பூங்காவுக்குள் குறித்துவைத்த இடங்களில் ஆண்டுதோறும் பும்டியின் கனத்தை அளந்து வெளியிடட்டும். கனம் கூடவில்லை என்றால் நான் சொல்வது தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதே ஐந்து ஆண்டுகளில் பும்லென் பாட்டில் மானைப் பற்றிப் பேசுவதற்கு முன் மீனவர்களோடு பேச வேண்டும். மீன்பிடி உரிமை தொடரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புல் தேறி, ஊர் சம்மதித்த பிறகே முதல் மான் போக வேண்டும். மிருகக்காட்சிசாலைகளுக்குச் செலவு சொற்பம். பதிவேடு, ரத்தப் பரிசோதனை, ஆண் மான்களை மாற்றிக்கொள்வது, அவ்வளவுதான்.

இந்த வரிசை தலைகீழாக வேண்டிய ஒரு நிலைமையும் உண்டு. பூங்காவில் தொற்றுநோய் தலைகாட்டினாலோ, அடுத்த கணக்கெடுப்பில் எண்ணிக்கை சட்டென்று விழுந்தாலோ, நீர்மட்ட விவாதத்துக்குக் காத்திருக்காமல் மான்களைப் பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. அந்த நாளில் வேலியும் மருத்துவரும் வண்டியும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது வழியை இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று பாக்கி. கதவணையைத் திறக்கும் அதிகாரம் வனத்துறையிடம் இல்லை. மின் உற்பத்தி நிறுவனம், பாசனத் துறை, ஏரி மேம்பாட்டு ஆணையம், வனத்துறை நான்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மழை முடியும் அக்டோபரிலேயே ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். தேக்கிய நீரை எந்த மாதம் எவ்வளவு செலவழிப்பது என்று மின் நிறுவனம் கணக்குப் போடும் நேரம் அதுதான். ஜனவரியில் போய்க் கேட்டால் அந்த ஆண்டு போயிற்று.